இவர்களுக்கும் நாலு வரி இடம் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். முப்பது வருஷத்துக்கு மேலாக உங்கள் நாளிதழை வாங்கிப் படிக்கிறேன். தலைப்புச் செய்திக்கு முன்னால் நான் திருப்பிப் பார்ப்பது உள்பக்கத்தில் வரும் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியைத்தான். எந்தக் கோயிலில் உபன்யாசம், எந்த மண்டபத்தில் புத்தக வெளியீடு, எந்த சபாவில் யார் கச்சேரி என்று நாலு நாலு வரியாக வருமே, அது. போகிறேனோ இல்லையோ, ஊரில் இன்றைக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மனசுக்கு நிறைவாக இருக்கும். சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிற சென்னை இசைக் குழுக்களுக்கும் அந்தப் பகுதியில் இடம் வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் வைக்கத்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1986-இல் தொலைபேசித் துறையில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். முதலில் ட்ரங்க் போர்டு, வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கிற வேலை. வெளியூருக்கு நேராக டயல் செய்கிற எஸ்.டி.டி. பரவி ட்ரங்க் கால் குறைந்ததும் 197-க்கு மாற்றினார்கள். டைரக்டரி என்கொயரி. ராத்திரி ஷிஃப்டில்கூட அழைப்பு ஓயாது. குழந்தைக்கு உடம்பு முடியவில்லை, பக்கத்தில் ஏதாவது ஆஸ்பத்திரி நம்பர் இருக்குமா என்பார்கள். எழும்பூர் ஸ்டேஷன் விசாரணை நம்பர் என்பார்கள். ஒருவருக்கு வேண்டியது இன்னொருவரிடம் இருக்கும், நடுவில் ஒரு நம்பர்தான் குறை. அதைத் தேடிச் சொல்லிக்கொண்டே என் பாதி வேலைக்காலம் போயிற்று. 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுக்க 78,000-க்கும் மேற்பட்ட பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோம். அதில் நானும் ஒருத்தி.

கடைசி சில வருஷங்கள் எனக்குக் கீழ்ப்பாக்கத்தில் வேலை. 2018 ஜனவரி 6, சனிக்கிழமை. டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் ஒரே வெளிச்சம், கூட்டம். ஏதோ கட்சிக் கூட்டம் என்று தாண்டிப் போயிருப்பேன். அப்போது பறைச் சத்தம் கேட்டது. பறை எங்களுக்குப் புதிதில்லை. பெரம்பூர், ஓட்டேரிப் பக்கம் சாவு ஊர்வலம் போகாத வாரம் உண்டா? ஆனால் அன்றைக்குப் பறையோடு கிட்டார் சேர்ந்து வந்தது. டிரம்ஸ் வந்தது. மேலே ஒரு கானாக் குரல் ஏறி நின்றது. கையில் சாப்பாட்டுக் கூடையோடு அப்படியே உள்ளே போய் ஓரமாக நின்றுவிட்டேன்.

அதுதான் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 19 பேர். சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்பதிலிருந்து எடுத்த பெயராம். அதில் ஒரே ஒரு பெண், கானா பாடகி இசைவாணி. 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது எங்கள் தெருவில் வீடு வீடாகச் சொன்னவள் நான்.

கானாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சாவு வீட்டில் ராத்திரி முழுக்க டோலக் வைத்துக்கொண்டு கானா பாடுவார்கள். டோலக் இல்லாவிட்டால் தீப்பெட்டியிலேயே தாளம். எங்கள் அம்மா உடனே ஜன்னலைச் சாத்திவிடுவாள். அந்தப் பாட்டு நம் காதில் விழக் கூடாது என்றுதான் வளர்ந்தோம். கீழ்ப்பாக்கம் மைதானத்தில் அதே பாட்டைக் கேட்டு ஆயிரக்கணக்கான பேர் கை தட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்தி வைத்ததில் நான் இழந்தது எவ்வளவு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, அடுத்து எங்கே பாடுவார்கள்? தெரியவில்லை. மறுநாளிலிருந்து உங்கள் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியைத் துழாவினேன். ஒரு மாதம் பார்த்தேன், இரண்டு மாதம் பார்த்தேன். இந்த மாதிரிக் குழுக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எப்போதாவது பெரிய நிகழ்ச்சி நடந்தால் மறுநாள் படத்தோடு செய்தி வரும். முதல் நாளே வந்திருந்தால் போயிருப்பேனே!

பெசன்ட் நகர் அஷ்டலட்சுமி கோயிலுக்கு வருஷத்தில் இரண்டு முறையாவது 29சி பிடித்துப் போகிறவள் நான். அங்கிருந்து கடற்கரையோரமாக நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம் வந்துவிடும். 2015-இல் கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமன் முதலானவர்கள் குப்பத்து மக்களோடு சேர்ந்து அங்கே ஒரு விழா தொடங்கியிருக்கிறார்கள். கர்நாடக சங்கீதமும் பறையாட்டமும் அங்கே மணலில் ஒன்றாக நடந்திருக்கின்றன. கட்டணம் கிடையாது. பின்னால் அதுவே சென்னைக் கலைத் தெருவிழா என்று பெயர் மாறியிருக்கிறது. நான் அந்தக் கடற்கரைக்கு வந்து சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன், இது எதுவும் தெரியாமலே.

என் மகள் கிண்டியில் வேலை பார்க்கிறாள். அவள்தான் வரிசையாகப் பெயர் சொன்னாள். ஸ்கிராட், எஃப்16ஸ் என்று ஆங்கிலத்தில் பாடுகிற சென்னைக் குழுக்கள், நாட்டுப்புறப் பாட்டையும் ராக்கையும் கலந்து தமிழில் பாடிய லா பொங்கல், குரங்கன். “இவ்வளவு பேர் இருக்காங்களா? எங்கேடி பாடுறாங்க?” என்றேன். “எல்லாம் இன்ஸ்டாகிராம்ல போடுவாங்கம்மா” என்றாள். என் போனிலும் அதை வைத்துக் கொடுத்தாள். ஆனால் ஏற்கெனவே யாரைப் பின்தொடர்கிறோமோ அவர்கள் போடுவதுதான் கண்ணில் படுகிறது. புதிதாக ஒரு குழு கிளம்பினால் நமக்கு எப்படித் தெரியும்? பாதி நேரம் நிகழ்ச்சி முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் அறிவிப்பே கண்ணில் படும்.

ஒரு தடவை மழையில் பெரம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஓர் அரங்குக்குப் போனேன். கேட் சாத்தியிருந்தது. “ப்ரோக்ராம் கேன்சல்மா, காலைலயே போன்ல போட்டுட்டாங்களாமே” என்றார் காவலாளி. அவர்மேல் தப்பில்லை. குடையை உதறிக்கொண்டு அந்தத் திண்ணையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். நான் ஊரெல்லாம் தேடியது எங்கள் அடுத்த தெருவிலேயே இருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று நிமிஷ நடையில் ஒரு மாவு மில் இருக்கிறது. போன வருஷம் ஒரு சாயங்காலம் கேழ்வரகு அரைக்க டின்னோடு போனேன். எனக்கு முன்னால் நாலு பேர் மிளகாய்த் தூளுக்காக நின்றிருந்தார்கள். ஏழு மணிக்கு மிஷினை நிறுத்தினார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் மாடியிலிருந்து டிரம்ஸ் கேட்டது. “மேல பசங்க பாட்டு பழகறாங்கக்கா. அஞ்சாறு மாசமா வாடகைக்கு இருக்காங்க” என்றார் மில்காரர். பகல் முழுக்க மாவு மில் ஓடுகிற கட்டடம். அதனால் சத்தம் என்று அக்கம்பக்கத்தில் யாரும் புகார் செய்யவில்லை. அந்தப் பிள்ளைகள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தானாம்.

டின்னைக் கீழே வைத்துவிட்டு மாடி ஏறினேன். பத்துக்குப் பத்து அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது, கதவில் பழைய மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மிளகாய் நெடி அந்த அறையை விட்டுப் போவதே இல்லை. பாடுகிற பையன் நடுநடுவே தும்முவான். நாலு பேர். டிரம்ஸ் வாசிக்கிற பிள்ளை மாதா கோயிலில் வாசித்துப் பழகியவன். பாடுகிறவன் கூரியர் கம்பெனியில் டெலிவரி வேலை. அவனுடைய தாய்மாமன் கானா பாடுகிறவர். பறை, டோலக் இரண்டும் வாசிப்பவன் தறி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை, காஞ்சிபுரத்திலிருந்து வந்தவன். கிட்டார் பிள்ளைக்கு அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை.

என்னைப் பார்த்ததும் அவர்களுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஆன்ட்டி, சத்தம் ஜாஸ்தியா இருக்கா? நிறுத்திடறோம்” என்றான் பாடுகிறவன். “நிறுத்தாதே தம்பி, நான் கேட்கத்தான் வந்தேன்” என்றேன். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்கள்.

அவர்கள் பாடியது சினிமாப் பாட்டில்லை. எங்கள் பக்கத்துக் கோயிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது மெல்லிசைக் குழு வைப்பார்கள். அதில் எல்லாமே நமக்குத் தெரிந்த பாட்டு. முதல் வரி வந்ததுமே கூட்டம் சேர்ந்து பாடும். அதுவும் சந்தோஷம்தான். ஆனால் இந்தப் பிள்ளைகள் பாடியது அவர்களே எழுதிய பாட்டு. ஒன்று, டெலிவரிக்குப் போகிற வீட்டில் லிஃப்டில் ஏறக் கூடாது என்று சொன்னதைப் பற்றி. இன்னொன்று, ரயில் தண்டவாளம் ஓரம் வீடு இருக்கிறவர்களுடைய தூக்கத்தைப் பற்றி. பெரம்பூர்க்காரியான எனக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? ரயில் சத்தம் நின்றால்தான் எங்களுக்கு முழிப்பு வரும். என் அறுபது வயசில் இதைப் பாட்டாக யாரும் எனக்குப் பாடிக் கேட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன மாடி அரங்கில் பாடினார்கள். மகளையும் இழுத்துக்கொண்டு போனேன். அறுபது நாற்காலி. கட்டணம் 300 ரூபாய். ஆம்ப்ளிஃபையரை ஷேர் ஆட்டோவில் வைத்து, நாலு பேரும் தோள்மாற்றித் தூக்கி மாடி ஏற்றினார்கள். பறையைக் காய்ச்ச வேண்டும், தோல் இறுகினால்தான் நாதம் வரும். வெளியே என்றால் வைக்கோலைக் கொளுத்திக் காட்டலாம், மாடி அரங்கில் நெருப்பு எப்படி மூட்டுவது? அந்தப் பையன் வீட்டிலிருந்தே ஒரு ஹாலஜன் விளக்கு கொண்டுவந்திருந்தான். படிக்கட்டு முக்கில் அதை ஏற்றி வைத்து, பறையை மெல்ல மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டினான். நடுநடுவே காதோரம் வைத்து விரலால் ஒரு தட்டு. இன்னும் இல்லை என்று தலையை ஆட்டுவான், மறுபடி விளக்குக்குக் காட்டுவான். எங்கள் ட்ரங்க் போர்டில் லைன் சரியாகக் கிடைத்ததா என்று ஹெட்போனில் கூர்ந்து கேட்போமே, அதே முகம். பத்து நிமிஷம் கழித்து ஒரு தட்டு தட்டினான். ‘ணங்’கென்று வந்தது. சிரித்தான்.

மொத்தம் முப்பத்தேழு பேர் வந்திருந்தோம், எண்ணிப் பார்த்தேன். இரண்டாவது பாட்டில் கிட்டார் கம்பி அறுந்துவிட்டது. அவன் வேறு கம்பி மாட்டி முடிக்கிறவரை டோலக்கை மட்டும் வைத்துக்கொண்டு பாடகன் தன் மாமனிடம் கற்ற பாட்டு ஒன்றைப் பாடினான். அன்றைய நிகழ்ச்சியிலேயே அதுதான் உச்சம். போனில் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு இது எங்கே கிடைக்கும்? பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவில் அந்த அறையில் ஓர் அமைதி வரும். அதற்காகவே இன்னொரு தடவை போகலாம்.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பாஸ் என்கிற கனத்த ஒலியை ஏற்றி வைத்ததில் பாதி வார்த்தை புரியவில்லை. இரண்டு பாட்டு இன்னும் வேகவில்லை. அதை அவர்களிடமே சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். அரங்க வாடகையும் வண்டிச் செலவும் போக ஆளுக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வேறொரு நாள் நகரத்தின் தெற்கே ஓர் உணவகத்தில் இவர்களைப் பாடக் கூப்பிட்டுவிட்டு, மூன்றாவது பாட்டிலேயே “சொந்தப் பாட்டு போதும், சினிமாப் பாட்டு பாடுங்க” என்றார்களாம். அதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் குரல் இறங்கிவிட்டது.

ஆசிரியர் அவர்களே, மார்கழி வந்தால் உங்கள் நாளிதழ் சபா வாரியாக, நேரம் வாரியாகக் கச்சேரிப் பட்டியல் போடுகிறது. அது நல்ல காரியம், நானும் அதைப் பார்த்துப் போகிறேன். மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. அத்தனை வருஷமாகப் பத்திரிகைகள் சொல்லிச் சொல்லித்தான் ஊர் அதைத் தெரிந்துகொண்டது, டிசம்பர் என்றால் கச்சேரி என்று பழகிக்கொண்டது. இந்தப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு நாலு வரி வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம். தினமும் வேண்டாம், சனிக்கிழமை ஒரு நாள் போதும். குழுவின் பெயர், எந்த மொழியில் பாடுகிறார்கள், எந்த இடம், பக்கத்தில் எந்த பஸ் நிறுத்தம், எத்தனை மணி, எவ்வளவு கட்டணம். இவ்வளவுதான். பாராட்டிக்கூட எழுத வேண்டாம்.

ஐம்பது பேர் வருகிற நிகழ்ச்சிக்கு இடமா என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். இருபது பேர் வருகிற உபன்யாசத்துக்கும் நீங்கள் இடம் கொடுக்கிறீர்கள், கொடுக்கத்தான் வேண்டும். விளம்பரமாகிவிடாதா என்றால், டிக்கெட் வைத்து நடக்கிற சபாக் கச்சேரியும் அதே பகுதியில் வருகிறதே.

என் அப்பா பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஆங்கிலோ இந்தியர்கள் பேண்டு வைத்து நடனமாடுவார்கள். எங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அப்பா என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு சுவருக்கு வெளியே நிற்பார். சாக்ஸஃபோன் என்ற பெயரே அவர் சொல்லித்தான் தெரியும். தேதி எப்படித் தெரிந்தது என்றால், ஒர்க்ஷாப் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் அப்பாவுக்கும் எனக்கும் அந்த ராத்திரிகள் இல்லை.

இந்த இடத்தில் இசைக் குழுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏழரை என்று போட்டுவிட்டு ஒன்பதுக்கு ஆரம்பிக்காதீர்கள் பிள்ளைகளே. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் வருஷ விதியிலேயே இருக்கிறது, அது நியாயமும்கூட. நேரத்தோடு தொடங்காததால் கடைசி இரண்டு பாட்டு வெட்டுப்படுகிறது. என் மாதிரி ஆட்கள் கடைசி பஸ்ஸை நினைத்து நடுவிலேயே எழுந்து போக வேண்டியிருக்கிறது. பெண்களுக்கு வெள்ளைப் பலகை பஸ்ஸில் கட்டணமில்லை என்று 2021-இல் வந்த பிறகு, பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை போய்வருவது என் போன்றவர்களுக்குச் செலவே இல்லை. ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்தால் நாங்கள் தோழிகளோடு கூட்டமாகவே வருவோம். ஜூன் 21 உலக இசை நாளுக்கு நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருக்கிற பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேயில் உள்ளூர்க் குழுக்கள் பாடுகிறார்கள். தேதி முன்கூட்டியே தெரிவதால் அதை மட்டும் நான் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

பட்டியலைச் சேகரிக்க ஆள் வேண்டும் என்றால், வடசென்னைப் பகுதிக்கு நான் இருக்கிறேன். பெரம்பூர், ஓட்டேரி, வியாசர்பாடி, புளியந்தோப்பு வரை நடந்தே விசாரித்து வாராவாரம் வியாழக்கிழமைக்குள் தபாலில் அனுப்புகிறேன். சம்பளம் எதுவும் வேண்டாம். முன்னே 197-இல் செய்த வேலைதானே.

மாவு மில் மாடிப் பிள்ளைகள் அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை மறுபடி பாடுகிறார்கள். இடம், நேரம், கட்டணம், எந்த பஸ் என்று தனித் தாளில் தெளிவாக எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், சரியாக நாலு வரிதான் வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பெரம்பூர், சென்னை-11.